மூன்றாவது கறவை

மம்சாபுரத்தில் நாகஜோதியின் வீட்டுக்கும் நூர்னிசாவின் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் இருந்தது. இருந்தும் இருவரும் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்ட தண்ணீர். ஐப்பசி மழையின்போது அது சுவருக்கடியில் புகுந்து நூர்னிசாவின் கொல்லையில் தேங்கி நின்றது. நூர்னிசா தையல் வேலை செய்கிறவள். ஒரு கல்யாண வீட்டுக்காகத் தைத்துக் கொடியில் போட்டிருந்த பட்டு ரவிக்கைகள் காற்றில் நழுவி அந்தச் சாணித் தண்ணீரில் விழுந்துவிட்டன. அவள் சுவரோரம் வந்து கேட்டாள். வேலையிலிருந்து அலுத்து வந்திருந்த நாகஜோதி, "மாடுன்னா சாணி போடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நூர்னிசா பேரூராட்சி ஆபீஸில் போய்ச் சொன்னாள். ஆள் வந்து தெருவே பார்க்க நாகஜோதியைக் கண்டித்துவிட்டுப் போனான். தண்ணீரைத் திருப்பிவிட்டாயிற்று. பேச்சுத்தான் திரும்பவில்லை.

நாகஜோதிக்கு ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. காலை எட்டு மணிக்கு டவுன் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவாள். கணவன் வேல்சாமி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் தங்குவான். பிள்ளை இல்லாத வீடு. மல்லிதான் அந்த வீட்டில் அவளை எதிர்பார்த்து நிற்கிற ஒரே ஜீவன். கருப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசு. வேல்சாமி மணப்பாறைச் சந்தையில் கிடேரியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தது.

பால் கறப்பது பாண்டிதுரை. ஊரில் பாதி மாடுகள் அவர் கைக்குத்தான் பால் விடும். டிவிஎஸ் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு, கோழி கூவுவதற்கு முன்பே சுற்றைத் தொடங்கிவிடுவார். மல்லியின் முறை அதிகாலை மூன்றரைக்கு வரும். அடுத்த கறவை மதியம் பன்னிரண்டரைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கொண்டு போகிற வேன் இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும் என்பதால் அந்த நேரத்தை யாரும் மாற்ற முடியாது. கொட்டகைக்குத் தெருப்பக்கமாகத் தனிக் கதவு உண்டு. அதன் சாவி பாண்டிதுரையிடம் ஒன்றும் நாகஜோதியிடம் ஒன்றுமாக இருந்தன.

முதல் கன்று போட்ட தலையீத்தில் மல்லி கறந்த பால் அப்படியொன்றும் அதிகமில்லை. அதனால் இந்த நேரக் கணக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டாம் ஈத்தில்தான் எல்லாம் மாறியது. கன்று போட்டுச் சீம்பால் தீர்ந்ததும் மடி பானை மாதிரி இறங்கிவிட்டது. மதியம் கறந்த பிறகு மறுநாள் விடியும் முன்பு வரைக்கும் அதை யாரும் தொடுவதில்லை. நாகஜோதி வேலையிலிருந்து வந்து பார்க்கும்போதே நான்கு காம்புகளும் விறைத்துப் பக்கவாட்டில் நிற்கும். சொட்டுச் சொட்டாகத் தரையில் பால் விழுந்துகொண்டிருக்கும். மல்லி அந்த ஈரத்திலேயே படுத்து அசைபோடும்.

அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. வேல்சாமியிடம் போனில், "மடி தாங்காம வழியுது, அம்புட்டுப் பாலு" என்று சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை விடியலில் பாண்டிதுரை அவளைக் கூப்பிட்டார். கையில் டார்ச் இருந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் திரித்திரியாக ஏதோ ஒட்டியிருந்தது, திரிந்த பால் மாதிரி.

"தங்கச்சி, பின்னால வலதுகாம்பு கல்லு மாதிரி இருக்கு. தொட்டாச் சுடுது. என்னைய உதைக்க வருது. இது மடிநோயி. டாக்டரக் கூப்பிடு. இந்தப் பால நான் எடுத்துட்டுப் போகல."

கால்நடை மருத்துவர் கல்பனா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மல்லியின் காய்ச்சலைப் பார்த்தார். மடியை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். கருப்புத் தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பீச்சிப் பார்த்தார். கடைசிக் காம்பில் மஞ்சள் தண்ணீரும் கட்டியும்தான் வந்தன.

"மதியம் எத்தன மணிக்குக் கறக்கீங்க?" என்று கேட்டார்.

நாகஜோதி சொன்னாள்.

"அதுக்கு அடுத்தது விடியக்காலமா? அப்படின்னா பதினஞ்சு மணி நேரம் இவ பால வச்சுக்கிட்டே நிக்கா. முந்தி கொஞ்சமா கறந்தப்போ தாங்குனா. இப்போ மடி நெறஞ்சு காம்பு வாசல் தொறந்து ஒழுகுது. ஒழுகுற காம்போட சாணித் தரையில படுத்தா அந்த வழியாவே கிருமி உள்ள போயிரும். உள்ள போன கிருமிக்குத் தேங்கி நிக்கிற பாலுதான் சோறு."

ஊசி போட்டார். காம்புக்குள் மருந்துக் குழாயைச் செலுத்துவது எப்படி என்று காட்டினார்.

"மருந்து பாதி வேலதான் செய்யும். பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க இந்தக் காம்ப ஒட்டக் கறந்து கீழ ஒரு டப்பாவுல விட்டு, தூரக் கொண்டு போய்க் கொட்டணும். தரையில பீச்சக் கூடாது. வெந்நீர்த் துணி வச்சு ஒத்தடம் குடுத்துட்டுக் கறங்க. மருந்து போடுற நாள்ல நாலு காம்புப் பாலையும் விக்கவும் கூடாது, கன்னுக்குட்டிக்கு விடவும் கூடாது. கன்னுக்கு வேற பாலு வாங்கிக் குடுங்க."

"கறக்கலேன்னா என்ன ஆகும், டாக்டரம்மா?"

"அந்தக் காம்பு செத்துப் போகும். காய்ச்சல் ஏறினா மாட்டுக்கே ஆபத்து."

நாகஜோதிக்குக் கறக்கத் தெரியாது. மாடு வைத்திருந்தாளே தவிர, மடியில் கை வைத்ததில்லை. உதைக்குமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளே முயன்றாள். விரல்கள் வீங்கியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் பத்துச் சொட்டு வருவதற்குள் மல்லி காலைத் தூக்கிவிடும். வலியில் அது கண்ணை உருட்டுவதைப் பார்க்க மாட்டாமல் அவள் எழுந்துவிடுவாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. மாமியார் சுகமில்லாமல் இருந்தபோதே அவ்வருட லீவு முழுக்கத் தீர்ந்துபோயிருந்தது. பாண்டிதுரையிடம் கேட்டாள். அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதியம் வாரப்போ நல்லாப் பீச்சி விடுதேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கன்னா மத்த மாட்டுக்கெல்லாம் யாரு போவா, சொல்லு."

அவள் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, சோளத்தட்டையை அள்ளிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ் மில் கேட்டைத் தாண்டும்போதும் அந்தக் கண் உருளுவதுதான் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

காலை பத்து மணிக்கு மேல் மல்லி கத்தத் தொடங்கியது. கன்றைத் தேடுகிற சத்தமாகவோ பசிக்கிற சத்தமாகவோ அது இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வருகிற முனகல். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நூர்னிசா இரண்டு தடவை நூலை விட்டுவிட்டாள். மெஷினை வேகமாக ஓட்டினால் கேட்காது என்று ஓட்டிப் பார்த்தாள். ரவிக்கைக் கை கோணலாகிவிட்டது.

அந்த முனகல் அவளுக்குப் பழக்கமானது. அவளே அப்படி முனகியிருக்கிறாள்.

மகள் ரிஸ்வானா பிறந்தபோது மாதம் நிறையவில்லை. பிள்ளையை மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். உறிஞ்சக்கூடத் தெம்பில்லாத பிள்ளை. மூன்றாம் நாள் நூர்னிசாவுக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. ரவிக்கைத் துணி படுவதைக்கூடத் தாங்க முடியவில்லை. இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை நர்ஸ் வந்து எழுப்பிவிடுவாள். வெந்நீர்த் துணி. பிறகு கையால் பிதுக்கி ஒரு கிண்ணத்தில் எடுப்பது. முதலில் கிண்ணத்தின் அடிகூட நனையாது. "எடுத்தாத்தாம்மா வரும். விட்டுட்டா, வேண்டாம் போலன்னு உடம்பு நெனச்சுக்கும்" என்று அந்த நர்ஸ் சொல்லிக்கொண்டே இருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். ஒரு வாரத்தில் கிண்ணம் நிறைந்தது. குழாய் வழியாகப் பிள்ளைக்கு அந்தப் பால் போனதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அந்தப் பிள்ளை இப்போது காலேஜுக்குப் போகிறது.

டாக்டர் சனிக்கிழமை சொன்னதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டிருந்தது. நூர்னிசா மெஷினிலிருந்து எழுந்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்தாள். வெந்நீர்ச் சட்டியையும் பழைய துணியையும் ஒரு டப்பாவையும் சுவர் மேல் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிக் குதித்தாள்.

அன்று நாகஜோதி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மல்லி கத்தவில்லை. அதன் வயிற்றில் தலையைச் சாய்த்து, குத்தவைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரென்று தெரிந்ததும் நாகஜோதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நூர்னிசா திரும்பவில்லை. "வாசலு பூட்டியிருந்துச்சு. சுவரு ஏறித்தான் வந்தேன். பேரூராட்சியில போய்ச் சொல்லணும்னா சொல்லிக்க" என்றாள்.

நாகஜோதி பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உதைக்கலியாக்கா?"

"உதைச்சுச்சு. மொதத் தடவ டப்பாவ எத்திவிட்டுருச்சு. வலிச்சா உதைக்கத்தான் செய்யும். நான் அந்த நர்ஸக் கடிச்சே வச்சேன்."

"எந்த நர்ஸு?"

நூர்னிசா மதுரைக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது கை நிற்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பின் மேல்பக்கம் வளையமாகப் பிடித்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். இழுக்கவே இல்லை. டப்பாவுக்குள் கட்டிகள் தொப்பென்று விழுந்தன. வத்திராயிருப்பில் அவள் பிறந்த வீட்டில் ஆடுகள் இருந்தன என்றும், கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை என்றும் சொன்னாள்.

"எனக்கு இந்த வலியெல்லாம் தெரியாதுக்கா" என்றாள் நாகஜோதி. சொன்ன பிறகுதான் அது வேறெங்கோ போய்ப் பட்டது அவளுக்கே தெரிந்தது.

நூர்னிசா டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "வலி தெரிய வேண்டாம். கை தெரிஞ்சாப் போதும். இங்கன உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. நாகஜோதி நூர்னிசாவிடம் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நூர்னிசா தையலுக்கு நடுவே எழுந்து எழுந்து வந்தாள். நேரம் பார்க்க அவளுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒரு தடவை, அஸருக்கு முன்னால் ஒரு தடவை, மஃரிப் பாங்கு கேட்டதற்குப் பிறகு ஒரு தடவை, இடைவெளி நீளமாகத் தெரிந்தால் நடுவிலும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கையை முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் தொழப் போக வேண்டும் என்பதால், மல்லியைத் தொடும் முன்பும் அதே மாதிரி கழுவும் பழக்கம் அவளுக்குத் தானாக வந்துவிட்டது. இருட்டிய பிறகு நாகஜோதி உட்கார்ந்தாள். முதல் நாள் சொட்டு. அடுத்த நாள் ஒரு கோடு. அதற்கடுத்த நாள் டப்பாவில் சர்ரென்று சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மஞ்சள் தண்ணீர் வெளுத்தது. கட்டிகள் சிறுத்தன. சூடு இறங்கியது. ஒரு மதியம் மல்லி தானாகவே பின்காலை அகட்டி நின்று கொடுத்தது. நூர்னிசா அதன் தொடையில் தட்டிக்கொடுத்து, "இப்பத்தான் புத்தி வந்துச்சா உனக்கு" என்றாள்.

டாக்டர் கல்பனா மறுபடி வந்து நான்கு காம்புகளின் பாலையும் நான்கு குழியுள்ள தட்டில் ஊற்றி ஒரு மருந்தைக் கலந்து சுழற்றினார். மூன்று குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. நான்காவதில், நோய் இன்னும் மிச்சமிருந்ததால், லேசாகக் குழைந்தது. இன்னும் சில நாள் பொறுத்து வந்து பார்த்தபோது நான்கும் ஒன்றுபோல ஓடின.

"காம்பு பிழைச்சுருச்சு. முந்தின அளவுக்குப் பாலு வராது, ஆனா வரும்" என்றார். "இனிமேல்தான் முக்கியம். பழைய நேரத்துக்கே கறந்தா இது திரும்பி வரும். கன்னு போட்டு இன்னும் ரெண்டு மாசங்கூட ஆகல. இந்த நேரத்துல மூணு தடவ கறக்கணும். எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு."

பாண்டிதுரையும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கியது.

"இத்தன வருசமா ரெண்டு வேளைதான். என் கையில என்ன குறை கண்டீக?"

"உங்க கையில ஒரு குறையும் இல்லண்ணே. மொதக் கட்டியப் பாத்துப் பால நிறுத்தினதே நீங்கதான். அன்னைக்கு நீங்க பாக்காம விட்டிருந்தா இந்தக் காம்பு இல்ல. குறை நேரத்துலதான் இருக்கு."

பாண்டிதுரை தரையைப் பார்த்து யோசித்தார். மல்லியைச் சுற்றின் தொடக்கத்திலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தால் விடியல் ஐந்து மணிக்கு வர முடியும் என்றார். மதியக் கறவையை வேன் கிளம்பும் முன் ஒரு மணிக்கு நூர்னிசா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூலி என்று எதுவும் வேண்டாம், வீட்டுக்கு வேண்டிய பால் போதும் என்றாள். ராத்திரி ஒன்பது மணிக்கான மூன்றாவது கறவை நாகஜோதிக்கு.

"ஒவ்வொரு தடவ கறந்த பொறவும் காம்ப மருந்துல முக்கிவிடுங்க. அடுத்தாப்புல தீவனத்தப் போடுங்க. அரை மணி நேரமாச்சும் அவ நின்னுக்கிட்டே சாப்பிடணும். காம்பு வாசல் மூடுறதுக்கு அம்புட்டு நேரம் ஆகும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றம் மெதுவாகத் தெரிந்தது. தரையில் பால் சொட்டுவது நின்றது. மல்லி சாயங்காலத்தில் கால் மாற்றி மாற்றி நிற்காமல் நிம்மதியாகப் படுத்தது. வழிந்து வீணானது நின்றதோடு, பாத்திரத்துக்கு வருகிற பாலும் கூடியது. பாண்டிதுரை கொண்டுபோய் ஊற்றும் பால் சொசைட்டியில் அளக்கிற பெண், "மாடு மாத்திட்டியா?" என்று நாகஜோதியிடம் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளுக்குள் ஆசையைக் கிளப்பியது. மூன்று தடவைக்கே இப்படி என்றால் நான்கு தடவைக்கு எப்படி இருக்கும்? விடியக் கறவைக்கும் மதியத்துக்கும் நடுவே, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அவளாகவே ஒரு கறவை சேர்த்துக்கொண்டாள். நூர்னிசாவிடம் சொல்லவில்லை. தீவனத்தையும் கூட்டவில்லை. முதலில் ஒரு சொம்பு கூடுதலாக வந்தது. அவளுக்குச் சந்தோஷம். பிறகு கூடியது நின்றது. பிறகு மதியக் கறவை குறைந்தது.

நூர்னிசாதான் கண்டுபிடித்தாள். ஒரு மதியம் மல்லியின் முதுகைத் தடவும்போது இடுப்பெலும்பு கையில் இடறியது. காம்பு நுனிகள் சொரசொரவென்று தடித்திருந்தன. கறக்க உட்கார்ந்தால் மாடு மறுபடி காலைத் தூக்கியது. அன்று ராத்திரி அவள் சுவரோரம் வந்து நின்றாள்.

"நாகஜோதி, காலையில யாரு கறக்கா?"

"பாண்டிதுரை அண்ணாச்சி."

"அதுக்குப் பொறவு?"

நாகஜோதி கழுநீர் வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உன்னையத்தான் கேக்கேன்."

"கொஞ்சம் கூட வந்துச்சுக்கா. அதான்."

"எங்கேருந்து வந்துச்சு? அதுக்கு நீ ஒரு பிடி கூடப் போட்டியா?" நூர்னிசாவின் குரல் உயரவில்லை. "பிள்ளைக்குப் பால் எடுத்த நாள்ல எங்க அத்தா தெனமும் வந்து பக்கத்துல உக்காந்து நான் சாப்பிடுதேனான்னு பாப்பாரு. சாப்பிடாம எடுத்தா நம்ம எலும்பத்தான் கரைச்சு எடுக்கணும். இந்தா, இதுக்கு எலும்பு தெரியுது பாரு."

நாகஜோதிக்கு முகம் கடுத்தது. மாடு என்னுடையது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மல்லி தலையை நீட்டி நூர்னிசாவின் தோளை நக்கியது. நாகஜோதி வாளியைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை எடுத்துவந்து முதுகைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முதுகு. எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நாளையிலேருந்து நிறுத்திருதேன்" என்றாள்.

டாக்டரிடமும் போனில் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டார். "மடியிலேருந்து எடுக்கிற பாலு வாயி வழியாத்தான் உள்ள போகணும். தீவனமும் தண்ணியும் கூட்டாம கறவைய மட்டும் கூட்டினா மாடு தேயும். காம்பு நுனியும் புண்ணாகும். மூணு போதும். நாலஞ்சு மாசம் கழிச்சுப் பாலு இறங்குறப்போ ரெண்டாக் குறைச்சுக்கலாம். ஆனா சரிபாதி நேரம். பன்னெண்டுக்குப் பன்னெண்டு."

வேல்சாமி அடுத்த தடவை வந்தபோது நாகஜோதி அவனை ஓய்வெடுக்க விடவில்லை. கொல்லையின் பின்பகுதியில் இருவரும் சேர்ந்து பாத்தி கட்டித் தீவனப்புல் கரணைகளை ஊன்றினார்கள். பருத்திக்கொட்டையும் தவிடும் கூடுதலாக வந்தன. நூர்னிசாவின் கணவர் சேக் முகைதீன், தன் காய்கறிக் கடையிலிருந்து திரும்பும்போது மிஞ்சிய கழிவை ஒரு சாக்கில் கொண்டுவந்து சுவர் மேல் வைப்பார்.  வைத்துவிட்டு, மல்லி தின்பதைச் செத்த நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

முதுகு மூடிக்கொண்டது. காம்பு நுனிகள் மெத்தென்று ஆயின. மழைக்காலம் வந்து போனது. மடிநோய் திரும்பி வரவில்லை. பால் மெல்ல இறங்கத் தொடங்கியபோது டாக்டர் சொன்னபடி இரண்டு கறவைக்கு வந்தார்கள். நூர்னிசாவின் மதிய வேலை முடிந்தது. ஆனாலும் மதியத்தில் அவள் வருவது நிற்கவில்லை. கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டு, தைத்த துணிக்குப் பொத்தான் கட்டிக்கொண்டு கொட்டகை நிழலில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகஜோதியும் பக்கத்தில் உட்காருவாள். பேச அவர்களுக்கு ஒரு வருடத்துப் பாக்கி இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சுந்தரபாண்டியத்திலிருந்து அன்னத்தாய் வந்தாள். கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். நடுத்தர வயது. நெற்றியெல்லாம் வேர்வை. பாண்டிதுரைதான் வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

"பசு கன்னு போட்டுப் பத்து நாளாச்சும்மா. நேத்து டாக்டர் வந்து மடிநோயின்னு ஊசி போட்டுட்டாக. அடிக்கடி கறந்து விடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. எனக்குக் கை வரல. எங்க வீட்டுக்காரரு கிட்டப் போனாலே அது துள்ளுது. நீங்க ரெண்டு பேரும் ஒரு மாட்டப் பிழைக்க வச்சீகளாமே. ஒருக்க வந்து காட்டிக் குடுத்தாப் போதும்."

நூர்னிசா நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள்.

மினி பஸ்ஸில் மூவரும் போனார்கள். ஜன்னல் வழியே மலை நீலமாகக் கிடந்தது. அன்னத்தாய் வழியெல்லாம் தன் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்த முனகல் கேட்டது. நூர்னிசா தன்னையறியாமல் நடையை வேகப்படுத்தினாள். பிறகு, நாகஜோதியே முன்னால் போகட்டும் என்று, வேண்டுமென்றே பின்தங்கினாள்.

கொட்டகையில் செவலைப் பசு ஒன்று கழுத்தைத் தாழ்த்தி நின்றது. இடது முன்காம்பு சிவந்து பளபளத்தது. நாகஜோதி வெந்நீர் கேட்டாள். கையை முழங்கைவரை கழுவினாள். மாட்டின் முன்னால் போய், அது முகர்ந்து பார்க்கட்டும் என்று கையை நீட்டிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு பக்கவாட்டில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

வெந்நீர்த் துணி மடியில் பட்டதும் மாடு சிலிர்த்தது. கால் தூக்கவில்லை.

"கடைசியா எப்பப் பீச்சுனீக?" என்று நாகஜோதி கேட்டாள்.

"விடியக்காலையில" என்றாள் அன்னத்தாய்.

"இனிமே அம்புட்டு நேரம் விட வேண்டாம். இங்கன வந்து உக்காருங்க. நான் செய்யுத கையப் பாருங்க."

அன்னத்தாய் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். நூர்னிசா மாட்டின் தலைப்பக்கம் நின்று அதன் தாடையைத் தடவிக்கொடுத்தாள். டப்பாவில் முதல் கட்டி விழுந்தது.